‘இற்று’ என்பதும் ‘ஆயிற்று’ என்பதும்

1

தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் சொல்லதிகாரத்தைத் தேர்வுக்காக உருப்போட்டு, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் மறந்தேன். மறக்காமல் ஒட்டிக்கொண்டது கிளவியாக்கத்தில் வரும் ஒரு சிறு விதி. இயற்கைப் பொருளைச் சொல்லும்போது அது இன்ன தன்மையது, அதாவது ‘இற்று’, என்று சொல்லி நிறுத்திவிடலாம். செயற்கைப் பொருளைச் சொல்லும்போது ‘ஆயிற்று’ என்று ஆக்கச்சொல் கொடுத்துச் சொல்லவேண்டும். அந்த ஆக்கத்துக்கு முன்னால் அதன் காரணத்தையும் சொல்லவேண்டும். தீ சுடும் என்றால் அவ்வளவுதான், மேற்கொண்டு கேள்வி இல்லை. மண் குடமாயிற்று என்றால் யார் வனைந்தது, என்ன செய்ததால் ஆயிற்று என்பதும் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும். எண்ணெய் தேய்த்ததால் முடி நன்றாயிற்று என்கிற மாதிரி, வீட்டுக்குள்ளிருந்தே இதற்கு உதாரணம் தருகிறார்கள் உரையாசிரியர்கள். உலக வழக்கில் காரணத்தைச் சொல்லாமல் விட்டாலும் குற்றமில்லை என்று அடுத்த விதி ஒரு சலுகையும் தருகிறது.

அந்தச் சலுகைதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பேச்சில் முதலில் காரணம் உதிர்கிறது. பிறகு ‘ஆயிற்று’ என்பதும் உதிர்கிறது. கடைசியில், யாரோ செய்து ஆக்கப்பட்ட ஒன்று, இயற்கைக்கு உரிய வாக்கியத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. ‘அவங்க புத்தியே அப்படித்தான்’, ‘மனுஷனோட இயல்பே சுயநலம்தானே’, ‘பொம்பளைன்னா பொறுமை’. இயற்கை என்ற சொல்லுக்கும் இயல்பு என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்: இயல். ஆகவே நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே மனிதர்களைப் பற்றிய தீர்ப்பு ஒன்று நமக்குத் தெரியாமல் வழங்கப்பட்டுவிடுகிறது. இயற்கையை யார் வரையறுக்கிறார்கள் என்ற கேள்வியையும், யாருடைய இயல்பு முத்திரை குத்தப்படுகிறது என்ற கேள்வியையும் பிரித்துக் கேட்கமுடியாது என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்புவது.

2

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் திணைக் கோட்பாட்டைப் பற்றிப் பேசினேன். மேற்கத்தியச் சிந்தனை மனிதனையும் இயற்கையையும் இரண்டாகப் பிளந்தது, நாமோ முதல், கரு, உரி என்று இரண்டையும் ஒரே உடம்பாகப் பார்த்தோம் என்கிற, இப்போது எல்லோருக்கும் பழகிப்போன பேச்சுதான். கைதட்டினார்கள். மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: “அப்ப எங்க தொழிலும் எங்க பறையும், கரடியோட, மரத்தோட ஒரே பட்டியல்லதான் வருதுங்களா சார்?” சிலர் சிரித்தார்கள். நான் ஏதோ சமாளித்தேன். அன்று சொல்லமுடியாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அவர் கேட்டது சரி. தொல்காப்பியம் கருப்பொருளாக எண்ணுவது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். நிலத்தில் விளைவனவற்றோடு தொழிலும் விளைகிறது. உரைகளும் பின்வந்த நம்பி அகப்பொருளும் குறிஞ்சிக்குக் குறவர், நெய்தலுக்குப் பரதவர் என்று மக்களையும் அந்தப் பட்டியலில் நிலைப்படுத்துகின்றன. இது கவிதைக்கான இலக்கணம், சமூகத்தின் கணக்கெடுப்பல்ல என்று நாம் சமாதானம் சொல்லலாம். ஆனால் அதே அகத்திணையியல், அடியோரையும் வினைவலரையும், அதாவது அடிமைகளையும் ஏவல் செய்வோரையும், அன்பின் ஐந்திணைக்கு வெளியே கைக்கிளையிலும் பெருந்திணையிலும் வைக்கிறது. காதல் மனித இயல்பு என்றால் இவர்களுடைய காதல் மட்டும் எப்படிப் புறத்தே போயிற்று? சொல்லதிகாரத்தில் காரணம் கேட்கச் சொன்ன நூல், பொருளதிகாரத்தில் இந்த இடத்தில் காரணம் சொல்லவில்லை. திணையைச் சூழலியல் தத்துவமாகக் கொண்டாடுகிற கட்டுரைகளில் இந்த நூற்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை. என்னுடைய பேச்சிலும் அது இருக்கவில்லை.

3

இதற்கு மாறான ஒரு குரல் நம் மரபுக்குள்ளேயே கேட்கிறது. தொல்காப்பியம் நிலம் ஒதுக்காத பாலையைச் சிலப்பதிகாரம் எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழி சொல்கிறான். முல்லையும் குறிஞ்சியும் வெயில் தாக்கித் தம் நல்ல இயல்பை இழந்து பாலை என்று ஒரு வடிவம் கொள்கின்றன என்கிறான். வாக்கியம் முழுக்க ‘ஆயிற்று’ வாக்கியம். காரணமும் முன்னாலேயே வந்துவிடுகிறது. அந்தக் காரணத்துக்குச் சொல்லும் உவமை இன்னும் முக்கியம்: அதிகாரிகளோடு சேர்ந்து அரசன் நெறி கோணியதால் ஆட்சிமுறை கெட்டுப்போன நாடு போல. நிலம் கெடுவதை விளக்க ஒரு கவிஞர் அரசியலைக் கொண்டுவருகிறார்.

அடுத்து வருகிற வேட்டுவ வரியில் எயினர்கள். வழிப்பறியும் ஆநிரை கவர்தலும் அவர்கள் ‘இயல்பு’ என்று பாடத்தில் படித்தோம். ஆனால் சாலினி தெய்வமேறி ஆடும்போது என்ன குறைப்படுகிறாள்? பக்கத்து ஊர்களில் மாட்டு மந்தைகள் பெருகிக்கிடக்கின்றன, எயினர் மன்றங்கள் பாழாய்க் கிடக்கின்றன, இவர்களோ அறக்குடிகளைப் போல அடங்கிப்போனார்கள் என்று. அப்படியென்றால் கொள்ளை அவர்கள் இரத்தத்தில் ஓடவில்லை. விட்டால் அடங்கி வாழக்கூடியவர்கள்தான். அவர்களை மறுபடி கிளப்ப ஒரு தெய்வமே இறங்கிவந்து ஏச வேண்டியிருக்கிறது. இளங்கோ எயினரை ஜனநாயகக் கண்ணோடு பார்த்தார் என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை. பிரதி அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் நிலமும் மனிதரும் கெடுவதற்கும் அடங்குவதற்கும் காரணம் உண்டு என்கிற உணர்வு பிரதியின் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது.

4

காலனிய அரசு இந்த வாக்கிய அமைப்பைத்தான் சட்டம் போட்டு மாற்றியது. 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வடஇந்தியாவில் வந்தது. இங்கே சாதிவழியில் தச்சர் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடுவதையே குலத்தொழிலாகக் கொண்ட கூட்டங்களும் இருந்தாக வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம். வெள்ளைக்காரன் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல இது. நம்முடைய சாதி இலக்கணத்தைக் கடன் வாங்கிக் காவல் நிலையத்துக்குள் கொண்டுபோனான். 1911 சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

குறவர்களை எடுத்துக்கொள்வோம். கடற்கரையிலிருந்து உப்பைப் பொதிமாடுகளில் ஏற்றி உள்நாட்டுக்கும், அங்கிருந்து தானியத்தைத் திரும்பவும் கொண்டுபோய் வணிகம் செய்தவர்கள் அவர்களில் ஒரு பெரும்பகுதியினர். உப்பு அரசாங்க ஏகபோகமாயிற்று. ரயில் வந்தது. மேய்ச்சலுக்கும் மூங்கிலுக்கும் போன காடு, 1882 சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட காடாயிற்று. அனுமதியில்லாமல் மாடு மேய்ப்பதே அங்கே குற்றம். பிழைப்பு போன மனிதர்கள் அலைந்தார்கள். அலைந்ததே குற்றத்தின் அடையாளமாயிற்று. இவ்வளவு ‘ஆயிற்று’களையும் அழித்துவிட்டுப் போலீஸ் பதிவேட்டில் ஒரே வார்த்தை: குறவன். இலக்கண நூலின் கருப்பொருள் பட்டியலில் இருந்த அதே பெயர்தான்.

பிரமலைக் கள்ளர்களும் அப்படியே பதியப்பட்டார்கள். பதிவான ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்கவேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதும் 1952இலும் இச்சட்டம் ரத்தானது. சட்டம் போனது. வாக்கியம் போகவில்லை. ஒரு தெருவில் திருட்டு நடந்தால் யார் வீட்டுக் கதவு முதலில் தட்டப்படுகிறது என்று பாருங்கள்.

காடு ‘இயற்கை’யாக வேலியிடப்பட்டதும், காட்டையும் வழியையும் நம்பிப் பிழைத்தவர்கள் ‘பிறவிக் குற்றவாளி’களாகப் பதியப்பட்டதும் ஒரே அரை நூற்றாண்டில் நடந்தவை. இன்னொரு பக்கம் வேடிக்கையைப் பாருங்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நீலகிரிப் புல்வெளியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த யூகலிப்டஸும் சீகை மரமும் நடப்பட்டன. அந்த மரத்தின் எண்ணெய்க்கு நாம் நீலகிரித் தைலம் என்று பெயர் வைத்தோம். ஊட்டிக்குப் போய் இயற்கையின் வாசனை என்று மூச்சை இழுத்து விடுகிறோமே, அந்த வாசனை நட்டு வளர்த்தது. நடப்பட்ட மரம் இயற்கையாகிவிட்டது. அங்கேயே இருந்தவனுக்குத்தான் காட்டில் இருக்க அத்தாட்சி வேண்டியிருக்கிறது.

5

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியாதபடி வாச்சாத்தி நடந்தது. 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டத்தில் மலையாளிப் பழங்குடிகளின் கிராமம். சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. சந்தனம் எந்தச் சந்தைக்குப் போயிற்று, யார் காசு பார்த்தார்கள் என்ற காரணக் கேள்விகள் எதுவும் தேவைப்படவில்லை. ‘கடத்தல் கிராமம்’ என்ற ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. காட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் அது நடந்தது என்பதைச் சூழலியல் பேசுகிற நாம் மறக்கக்கூடாது.

மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் துணைநிற்க, அந்தப் பெண்கள் விடவில்லை. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. முப்பத்தொரு வருஷம் அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் செய்தது என்ன? தங்கள்மீது ஏற்றப்பட்ட ‘இற்று’ வாக்கியத்தை உடைத்து, எழுவாயை, செய்தவனை, நாளை, இடத்தை மறுபடி வைத்து ஒரு ‘ஆயிற்று’ வாக்கியத்தை எழுதினார்கள். நான் அறிந்தவரையில் சொல்லதிகார விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த உரையிலும் இல்லை.

2006 வன உரிமைச் சட்டத்தின் முகப்புரையும் இப்படியொரு வாக்கியம்தான். காலனிய காலத்திலும் சுதந்திர இந்தியாவிலும் உரிமைகள் அங்கீகரிக்கப்படாததால் வரலாற்று அநீதி விளைந்தது என்று, காரணத்தோடு ஒத்துக்கொள்கிறது. ஆனால் 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது. அந்த வழக்கில் வாதிட வந்தவர்கள் காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகள். எதிர்ப்பு எழுந்து, 28ஆம் தேதி உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. பதினைந்து நாளில் திரும்பப் பெறக்கூடிய அளவுக்குத்தான் அந்த ஒப்புதலின் ஈரம் இருக்கிறது.

6

இனி நம் பக்கம். ‘ஆதிவாசி இயற்கையின் குழந்தை’ என்று எழுதுகிற கவிதையும், ‘அவன் பிறவித் திருடன்’ என்று எழுதுகிற பதிவேடும் மதிப்பில் எதிரெதிர், இலக்கணத்தில் ஒன்று. இரண்டும் அவருக்கு வரலாற்றை மறுக்கின்றன. குழந்தை என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பட்டா வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், கோபம்கூட வேண்டாம். அன்று அந்தப் பெரியவர் என் பேச்சில் கேட்டது இதைத்தான் என்று இப்போது புரிகிறது. நான் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அவர் பட்டியலிலிருந்து வெளியே வர வழி கேட்டார்.

அப்படியானால் எல்லாமே கட்டமைப்பு, இயற்கை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று நம் நண்பர்கள் சிலர் ஒரு காலத்தில் எழுதியதுபோல எழுதிவிடலாமா? அதுவும் சரியல்ல. ‘இற்று’ என்ற விதியும் விதிதான். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும். அதைச் சொல்லாடல் எதுவும் மாற்றாது. 2015 டிசம்பரில் சென்னையில் ஓடிய தண்ணீர் யாருடைய கோட்பாட்டையும் கேட்கவில்லை. ஆனால் ஏரியும் சதுப்பும் மனைகளாயிருந்தது தண்ணீரின் இயல்பல்ல. அடையாற்றங்கரையில் மூழ்கிய குடிசைக்காரர்களுக்கு அதற்குப் பிறகு ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று பேர் வந்ததும், பலரைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டதும் தண்ணீர் செய்ததல்ல. பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டி. அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. இதற்கும் ‘இயற்கைப் பேரிடர்’ என்றே பெயர்.

எனவே வேலை இரண்டு. எது நிஜமாகவே ‘இற்று’ என்று பணிவோடு கற்றுக்கொள்வது ஒன்று: மண்ணின் கொள்ளளவு, காட்டின் வளர்ச்சி, நீரின் போக்கு. ‘இற்று’ என்று நம்மிடம் சொல்லப்படுகிற மற்ற ஒவ்வொன்றையும் நிறுத்தி, எப்போது ஆயிற்று, யாரால், எதனால் என்று கேட்பது இன்னொன்று. இரண்டாவதைச் செய்யாத இயற்கைப் பற்று வனக்காவலரின் லத்தியில் போய் முடிகிறது. முதலாவதைச் செய்யாத முற்போக்கு, ஏரிக்குள் மனை போடுகிறவனுக்கு மேடை போட்டுத் தருகிறது.

அந்தப் பெரியவரை மறுபடி பார்க்க வாய்க்கவில்லை. பார்த்தால், ‘ஆமாங்கய்யா, ஒரே பட்டியல்லதான் எழுதி வெச்சிருக்காங்க. எழுதினதுதான், ஏற்கனவே அப்படி இருந்ததில்ல’ என்று சொல்வேன்.