கொத்தளமும் கும்பார்வாடாவும்

மும்பையின் தாராவிக்குள் வெளியாட்களை அழைத்துக்கொண்டு நடக்கும் ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம் ஏறக்குறைய இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறது. அதன் விதிகளில் அதிகம் பேசப்படுவது, நடக்க வருபவர்கள் படம் எடுக்கக் கூடாது என்பது. கைப்பேசி பைக்குள் போய்விட வேண்டும். வறுமையை வேடிக்கைப் பொருளாக்குகிறார்கள் என்ற பழிக்கு அவர்கள் கண்ட பதில் அது, நியாயமான பதில்தான். ஆனால் சமீப காலத்தில் இன்னொரு வகை ஆட்களும் நகரத் தெருக்களில் பெருகியிருக்கிறார்கள். தோளில் துணிப்பை, அதற்குள் உள்ளங்கை அளவு வண்ணப்பெட்டி, தடித்த தாள் தைத்த ஸ்கெட்ச் புக், மடக்கு ஸ்டூல். பழைய தெருக்களைச் சுற்றிவந்து கதை கேட்டு, ஓரிடத்தில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் தீட்டிவிட்டுப் போகிறவர்கள். கேமராவுக்குச் சொன்னதையே இவர்களுக்கும் சொல்லலாமா?

சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். படம் எடுப்பவர் கண் சிமிட்டும் நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். வரைபவர் முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார். அந்த நேரம் முழுக்கத் தெரு அவரைப் பார்க்கிறது, தாளை எட்டிப் பார்க்கிறது, திருத்தவும் செய்கிறது. “என்ன சார், எங்க கடைய இப்படிக் கோணலா போட்டிருக்கீய?” என்று தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு அண்ணாச்சி கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது. பார்ப்பவர், பார்க்கப்படுபவர் என்ற ஏற்பாடு அங்கே தலைகீழாகிவிடுகிறது. மும்பையில் இந்த நடையின் சுவையும் சங்கடமும் இதுதான். இலங்கையில் கதை வேறு.

இலங்கையில் இதற்கு வாகான இடம் காலிக் கோட்டை. போர்த்துக்கீசியர் 1588இல் போட்ட சிறு அரணை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1663 முதல் கல்மதிலாக எழுப்பினார்கள். பதினான்கு கொத்தளங்கள். மதிலின் மேல் நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டுக்கூரைகள். உள்ளே 1755இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம், தூரத்திலிருந்து பார்த்தால் இன்னொரு தேவாலயமோ என்று தோன்றும் மீரான் பள்ளிவாசல், கலங்கரை விளக்கம். 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஓவியம் கற்றுக்கொடுப்பவருக்கு இதைவிட வசதியான வகுப்பறை கிடையாது. நடை ஒரு சுற்றாக முடிந்துவிடும், வழிதவற முடியாது. உட்காரப் புல்தரை இருக்கிறது. வண்டி மோதாது. மஞ்சள் காவிச் சுவர், செம்மண் ஓடு, நீலக் கடல் என்று மூன்றே வண்ணத்தில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். முதன்முதல் பிரஷ் பிடித்தவர் கூட வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்று கிடைத்துவிடுகிறது.

குறையும் அங்கேயேதான். அப்படித் தீட்டிய பத்துப் படங்களைப் பரப்பிவைத்தால் பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். கோட்டைக்குள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் படத்தில் பெரும்பாலும் வருவதில்லை, ஒல்லாந்தர் வந்துவிடுகிறார்கள். பல வீடுகள் கைமாறித் தங்கும் விடுதியாகவும் காபிக் கடையாகவும் ஆன பிறகு, வரைவதற்கு ஏற்ற மாதிரி தெருவும் தன்னைத் துடைத்து வைத்துக்கொண்டது. பயணி அசையாத நகரத்தைத் தேடி வருகிறார். காலி அசையாமல் உட்கார்ந்து கொடுக்கிறது.

மும்பைக்கு அந்தப் பொறுமை இல்லை. மாட்டுங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1896இல் பிளேக் வந்து நகரம் அரண்டு, 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் உருவாகி, காற்றும் வெளிச்சமும் வரும்படி அகலத் தெரு விட்டுப் போட்ட தாதர்–மாட்டுங்கா திட்டத்தின் பிள்ளை இந்தப் பேட்டை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கட்டிய, முனை வளைந்த ஆர்ட் டெகோ வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றாக மறுகட்டுமானத்துக்குப் போய்க்கொண்டும் இருக்கின்றன. ஆனால் இங்கே ஒரு நடையை அமைப்பவர் கட்டடத்தை மட்டும் நம்பினால் பாதிக் கதை போய்விடும். மாட்டுங்காவின் சரித்திரம் சங்கங்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் இருக்கிறது. கொச்சு குருவாயூர் என்று எல்லாரும் சொல்லும் ஆஸ்திக சமாஜம் 1923இல் தொடங்கியது. தென்னிந்தியக் கல்விச் சங்கமான எஸ்.ஐ.இ.எஸ். 1932. கிங்ஸ் சர்க்கிள் ஓரத்து ஈரானிக் கடை கூலார் அதே வருஷம். கபே மெட்ராஸ் 1940. ஸ்டேஷன் பக்கத்து ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங் 1942.

இதையெல்லாம் எப்படித் தீட்டுவது? ஞாயிற்றுக்கிழமை காலையில் கபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்கும் கூட்டம்தான் அந்தக் கடையின் முகப்பு. அதை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் வரைந்தால் அது வேறு கடை. கூட்டமோ நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். பூக்கடைகளில் மல்லிகைச் சரத்துக்கு வெள்ளை வண்ணம் பூசக் கூடாது, தாளின் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாமி வந்து அந்தச் சரத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். போதாக்குறைக்கு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடித்த வண்ணம் காய்வதே இல்லை. தாள் அப்பளமாக வளைந்து நிற்கும். மழைக்காலத்தில் மும்பை ஓவியர்கள் ரயில்வே மேம்பாலத்தடியிலும் ஓட்டல் மேஜையிலும் ஒதுங்குவது ரசனையால் மட்டும் அல்ல.

மும்பையையும் இலங்கையையும் ஒரே பயணத்தில் தீட்டிய ஒருவர் உண்டு. வேடிக்கைப் பாட்டுகளுக்குப் பெயர்போன ஆங்கிலேயர் எட்வர்ட் லியர், வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பில் 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கினார். அடுத்த வருஷக் கடைசியில் இலங்கைக்குப் போனார். பம்பாய்த் தெருக்களின் ஆட்களையும் உடைகளையும் கண்டு கிறங்கிப்போனவர் அவர். அவருடைய வேலைமுறையை இன்றைய மாட்டுங்கா நடைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நின்ற இடத்தில் பென்சிலால் வேகமாகக் கீறுவார். வண்ணம் தீட்டமாட்டார், எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்தின் மேலேயே எழுதிவைப்பார். மையும் வண்ணமும் பிறகு, அறைக்குத் திரும்பி, சாவகாசமாக. நடை ஓரிடம், பட்டறை வேறிடம். காலியில் இரண்டையும் ஒரே புல்தரையில் முடித்துவிடலாம். மும்பையில் பிரித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்: காலையில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக் கீறல்கள், பத்து மணிக்கு மேல் ஏதாவது சபா கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் வண்ணம்.

யார் வருகிறார்கள் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. சியாட்டில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் தொடங்கிய அர்பன் ஸ்கெச்சர்ஸ் இயக்கத்துக்கு மும்பையில் கிளை இருக்கிறது. நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும், போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது என்பது அவர்கள் கட்டளை. கூடி வரைந்து, முடிவில் எல்லாப் புத்தகங்களையும் தரையில் பரப்பி ஒருவருடையதை ஒருவர் பார்ப்பார்கள். வருகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள்: கட்டடக்கலை மாணவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஐ.டி. கம்பெனிப் பெண். தன் ஊரையே வரைகிறார்கள். காலியின் பட்டறைகளோ விருந்தாளியை நம்பி நடப்பவை. விருந்தாளிக்கு அழகு போதும். ஊர்க்காரருக்கு அழகோடு ஒரு கணக்கும் வேண்டியிருக்கிறது, போன வருஷம் இருந்த பால்கனி எங்கே என்று.

மும்பையின் இன்னொரு பேட்டையான செம்பூரைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பழமை தேடி வருபவருக்கு அங்கே கிடைப்பது குறைவு. ராஜ்கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ 2017இல் எரிந்தது, பிறகு விற்கப்பட்டது, இனி வரைவதற்கில்லை. சேடா நகர் முருகன் கோயில் படிகளிலும், 2014இல் ஓடத் தொடங்கிய மோனோரயிலின் தூண்களிலும் கைபழகலாம். தூண் வரிசையைவிட நல்ல பெர்ஸ்பெக்டிவ் பாடம் எந்தக் கோட்டையிலும் இல்லை.

தாராவிதான் கடினம். சரித்திரச் சின்னம் என்று கேட்டால் ஒன்று இருக்கிறது: மித்தி ஆற்றுப் பக்கம், பஸ் டிப்போவுக்கே பெயர் கொடுத்த காலா கில்லா. கவர்னர் ஜான் ஹார்ன் 1737இல் கட்டியது என்று கல்லிலேயே பொறித்திருக்கிறது. காலியில் இப்படி ஒரு கல் இருந்தால் அதன் எதிரே ஐஸ்கிரீம் விற்பார்கள். இங்கே புதரும் குப்பையும்தான். ஆனால் தாராவியின் பழைமையை அந்தக் கோட்டைச் சுவரில் தேட முடியாது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடாவில் சூளைப் புகை தரையோடு தவழும்போது, ஈரத் தாளில் சாம்பல் நிறத்தை ஓடவிட்டால் அந்த இடம் பிடிபட்டுவிடும். தோல் பதனிட வந்த திருநெல்வேலிக்காரர்களின் சந்துகளில் அதுவும் முடியாது. ஸ்டூல் போட்டால் வழி அடைந்துவிடும். மூன்றடி அகலத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் ஒதுங்க வேண்டும். உட்கார வேண்டுமென்றால் யாராவது வீட்டுத் திண்ணை, கடை முகப்பு. கேட்டுத்தான் உட்கார முடியும். கேட்டால் டீயும் வரும். கூடவே கேள்வியும் வரும்: எதுக்கு வரையிறீங்க? சர்வேக்கா?

அந்தக் கேள்வி சும்மா வரவில்லை. அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள நிறுவனம் தாராவியை இடித்துக் கட்டப்போகிறது. 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரருக்கு அங்கேயே 350 சதுர அடி. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு. சுவரில் எண் எழுதுகிறார்கள், அளவு எடுக்கிறார்கள். இந்த நேரத்தில் ஸ்கெட்ச் புக்கோடு போகும் எவரும் அளவெடுப்பவராகத்தான் முதலில் தெரிவார்.

இங்கேதான் மும்பை இலங்கையிடம் கற்கலாம் என்கிறேன், ஆனால் காலியின் பயணிப் பட்டறையிடம் அல்ல. இலங்கைக்கு வேறொரு வழக்கம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பார்பரா சன்சோனி, லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம் ஆகியோர் டேனிஷ் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரோடு நாடு முழுக்கச் சுற்றிப் பழைய விகாரைகளையும் வளவு வீடுகளையும் வரைந்தார்கள். அவர்களுக்கு அது வார இறுதிப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. யாரும் மதிக்காத மண்சுவரும் தாழ்வாரமும் எப்படிக் கட்டப்பட்டன என்று தூணுக்குத் தூண் பதிந்தார்கள். சன்சோனியின் ‘விகாரைகளும் வராந்தாக்களும்’ 1978இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. அழகான கோடுகள். கூடவே அளவும் உண்டு.

அதைவிடத் தாராவிக்கு நெருக்கமானது யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்தது. போரில் வீட்டை இழந்து இடம்பெயர்ந்த தமிழர்களையும் முஸ்லிம்களையும் அணுகி, விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எந்தப் பக்கம் என்று அவர்கள் கீறிக்கொடுத்த எண்பது படங்களோடு, ஒவ்வொன்றுக்கும் முறையான கட்டட வரைபடத்தையும் தன்னுடைய பாஸ்டல் ஓவியத்தையும் சேர்த்தார். 2011இல் வெளிவந்த அந்த நூலுக்கு ‘முடிவுறாத தோம்பு’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. தோம்பு என்பது இலங்கையில் அந்நியர் ஆட்சிக்காலத்து நிலப்பதிவேடு. யாரிடம் எவ்வளவு காணி, எத்தனை தென்னை என்று எழுதிவைத்து ஒல்லாந்தர் நடத்தியது. காலி மதிலைக் கட்டியவர்கள் வைத்திருந்த பேரேட்டின் பெயரை எடுத்து, வீடு பறிபோனவர்களின் பேரேடாக மாற்றினார் சனாதனன். இலங்கையில் ஓவியமும் இடமும் சேர்ந்த முயற்சிகளில் நான் மிகவும் மதிப்பது இது. இதில் நடை இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். போக முடியாத ஊருக்கு எப்படி நடப்பது?

தாராவிக்காரர்களுக்கு இன்னும் நடக்க ஊர் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். யாழ்ப்பாணத்தில் நினைவிலிருந்து எடுக்க வேண்டியிருந்ததை இங்கே கண்ணால் பார்த்தே எடுக்கலாம். ஆகவே அங்கே ஒரு நீர்வண்ண நடை நடத்துவதென்றால் மாட்டுங்காவிலிருந்தும் பாந்திராவிலிருந்தும் ஆள் திரட்டிக் கொண்டுபோய் இறக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. முன்னால் நடப்பவர் அந்தச் சந்தில் பிறந்தவராக இருக்க வேண்டும். பிரஷ் முதலில் வீட்டுக்காரர் கையில், அல்லது பள்ளிக்கூடம் போகும் அவருடைய பேத்தி கையில். வெளியிலிருந்து வரும் ஓவியர் தாளும் வண்ணமும் கொண்டுவரலாம், கை நடுங்கும்போது கோடு பிடிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். வரைந்த படம் அந்த வீட்டிலேயே தங்கட்டும், நகல் ஒன்று போதும். வரைபவர்கள் வீட்டு எண்ணையும் ஆள்பெயரையும் படத்தில் எழுதலாமா கூடாதா என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கட்டும், ஏனென்றால் கணக்கெடுப்பு நடக்கும் ஊரில் ஒரு படமும் சாட்சியாகிவிடும், சாதகமாகவோ பாதகமாகவோ.

எதை வரைவது என்று கேட்டால், ஏணியிலிருந்து தொடங்கலாம். தாராவிச் சந்துகளில் மாடிக்குப் படி கிடையாது. சுவரோடு ஒட்டி ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி, பிடித்து ஏற மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. அழகு தேடும் ஓவியர் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார், ஏனென்றால் அது சுவரின் வண்ணப் பரப்பைக் குறுக்கே வெட்டுகிறது. 350 சதுர அடிக் கணக்கில் சேராத குடும்பங்கள் அந்த ஏணியின் மேல்முனையில்தான் இருக்கின்றன. பென்சிலில் ஏணியை முதலில் போட்டுவிட்டு, கம்பிகளுக்கு இடையே தாளை விட்டுவைத்து, பிறகு சுவருக்கு நீலம் பூசலாம்.