யாருக்கு யார்?

‘எவாஞ்சலியன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நற்செய்தி என்பது பொருள் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாற்கு தம் நூலின் முதல் வரியிலேயே அச்சொல்லை வைத்தார். அதே சொல்லைப் பெயரில் தாங்கிய சித்திரத் தொடர் ஒன்று 1995ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி, 26 பகுதிகளாக ஒளிபரப்பாகி, 1996 மார்ச்சில் முடிந்தது. முடிந்தது என்பது ஒரு பேச்சுக்குத்தான். பார்த்தவர்கள் அதனை இன்றளவும் முடியவிடவில்லை. யார் யாரை நேசித்தார், யாருடன் யார் சேர்ந்திருக்க வேண்டும், காட்டப்பட்டதன் பின்னே காட்டப்படாதது எது என்று முப்பது ஆண்டுகளாக வழக்காடி வருகின்றனர். அந்த வழக்காடலைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். சிறுவர் பார்க்கும் பொம்மைப்படத்திற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று புன்னகைப்போர் உண்டு. நாமும் அவ்வாறு புன்னகைத்தவர்களே.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாயை இழந்து, தந்தையால் கைவிடப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன் ஷின்ஜி. பல ஆண்டுகளுக்குப் பின் தந்தை கெண்டோ அவனை அழைப்பது பாசத்தினால் அன்று. மாபெரும் மனித உருவான ‘எவா’வுக்குள் அமர்ந்து பகைவரோடு போரிட ஓர் ஆள் தேவைப்படுவதால். அவனைப் போலவே அதில் அமர்பவர்கள் இரு சிறுமியர். ஒருத்தி பேச்சே அரிதான ரெய். மற்றொருத்தி தன் திறமையைப் பிறர் மெச்ச வேண்டும் என்று துடிக்கும் அசுகா. மனித இனத்தை அழிக்க ஒவ்வொன்றாக வரும் விந்தை உருவங்களுக்குத் திரையில் தோன்றும் ஆங்கில எழுத்து ‘ஏஞ்சல்’ என்று பெயர் தருகிறது. ஜப்பானிய உரையாடலிலோ அவை ‘ஷிதோ’. ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் பேதுருவையும் பவுலையும் குறிக்க வழங்கும் சொல் அது. வானதூதர், திருத்தூதர் ஆகிய இரண்டிலும் ‘தூதர்’ என்ற ஒரு சொல்லையே வைத்திருக்கும் தமிழுக்கு இக்குழப்பம் அவ்வளவு உறுத்தாது. ஆயினும் அனுப்பப்பட்டவர் யார், அனுப்பியவர் யார் என்ற கேள்வியை அந்த ஒரு சொல்லே சுவைஞர் நெஞ்சில் விதைத்துவிட்டது.

தொடர் எங்கும் நமக்குப் பழகிய சின்னங்கள் இறைந்து கிடக்கின்றன. நிலத்தடி அறையில் சிலுவையில் அறையப்பட்ட வெண்ணிற உருவம். அதன் உடலில் பாய்ந்த, லொங்கினுஸ் பெயரைத் தாங்கிய ஈட்டி. மெல்கியோர், பல்தசார், கஸ்பார் என ஞானியர் மூவரின் பெயரைக் கொண்ட கணினிகள். வெடிக்கும்போதெல்லாம் வானளாவ எழும் சிலுவை வடிவத் தீப்பிழம்பு. முதன்முறை பார்த்தபோது நாம் முகம் சுளித்தோம் என்பதை மறைப்பானேன். இதற்கு நேர்மாறாக, இவை ஒவ்வொன்றுக்கும் மறையுண்மை ஒன்றைப் பொருத்தி மகிழ்ந்த கிறிஸ்தவ இளைஞர்களையும் அறிவோம். இரு சாராரையும் நாணச் செய்யும் விளக்கம் ஒன்றைத் தொடரின் துணை இயக்குநர் கசுயா ட்சுருமாகி பின்னாளில் அளித்தார். மற்ற இயந்திர மனிதக் கதைகளிலிருந்து தம் தொடர் வேறுபட்டுத் தெரியவே அச்சின்னங்களைப் பயன்படுத்தினார்களாம். சமயப் பொருள் எதுவும் இல்லையாம். மேலை நாடுகளிலும் திரையிடப்படும் என்று அறிந்திருந்தால் மறுபடி யோசித்திருப்பார்களாம்.

இவ்விளக்கத்தோடு வழக்கு முடிந்ததா? நம்மைப் பொறுத்தவரை இல்லை. ஷின்ஜிக்கு வீட்டில் இடமளித்துக் காக்கும் மிசாத்தோ என்ற பெண்ணின் கழுத்தில் எப்போதும் ஒரு வெண்சிலுவை தொங்குகிறது. தென்முனைப் பேரழிவின்போது, குடும்பத்தைக் கவனியாது ஆய்விலேயே மூழ்கிக் கிடந்த அவளுடைய தந்தை, தாம் இறந்து அவளைக் காப்பாற்றினார். சிலுவை அவருடையது. வெறுத்த தந்தையையே அவள் கழுத்தில் சுமக்கிறாள். 1997ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இறக்கும் தறுவாயில் அதை ஷின்ஜியின் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அழகுக்காக எடுத்தாளப்பட்ட சின்னம் ஓரிடத்தில் தன் பொருளைத் தானே மீட்டுக்கொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது. படைப்பாளி கருதாத பொருளைப் படைப்பு சுமப்பது புதிதன்று. சுவைஞர் வாசிப்புக்கு இடம் கிடைப்பதும் இத்தகைய இடைவெளியில்தான். எனினும் இதைக் கொண்டு தொடருக்கே திருமுழுக்குக் கொடுத்துவிட நாம் முனையவில்லை.

சுவைஞர் ஊகங்களில் தரம் உண்டு. ரெய் யார் என்ற புதிரை எடுத்துக்கொள்வோம். அவள் ஷின்ஜியின் இறந்த தாய் யுயியின் சாயலில் உருவாக்கப்பட்டவள் என்பதைத் தொடர் மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. துணி பிழியும் அவள் கையைக் கண்டு ‘ஓர் அம்மாவைப் போல’ என்று ஷின்ஜி சொல்லும் சிறு காட்சியைப் பிடித்துக்கொண்டவர்கள் கூர்மையான வாசகர்கள். கவோரு நகிசா என்ற சிறுவனின் குடும்பப் பெயரை எழுதும் சித்திர எழுத்தை இரண்டாகப் பிரித்தால் ‘ஷிஷா’ என்று படிக்கலாம், தூதன் என்று பொருள்படும் சொல்லும் அதே ஒலியினது என்று கண்டவர்களும் அப்படியே. அவன் கடைசித் தூதனாக வெளிப்படும்போது அவர்கள் வியப்படையவில்லை. 2007 முதல் 2021 வரை வெளிவந்த நான்கு புதிய திரைப்படங்கள் பழைய கதையின் மறுசுழற்சியே என்ற ஊகமும் காரணமற்றதன்று. முதற்படத்திலேயே கடல் சிவந்திருக்கிறது. நிலவில் கண்விழிக்கும் கவோரு ஷின்ஜியை முன்பே அறிந்தவன்போல் பேசுகிறான். இவை எல்லாம் நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பவனுக்கே கிட்டும் பயன்கள்.

ஆனால் சுவைஞரின் உண்மையான வேட்கை புதிரில் இல்லை, உறவில் இருக்கிறது. 1975 டிசம்பரில் தோக்கியோவில் தொடங்கிய ‘காமிக் மார்க்கெட்’ என்னும் சந்தையில், பிறர் படைத்த கதைமாந்தரைக் கொண்டு தாமே வரைந்து தாமே அச்சிட்ட ‘தோஜின்ஷி’ இதழ்களைச் சுவைஞர்கள் விற்றும் வாங்கியும் வருகின்றனர். இன்னாரோடு இன்னாரை இணைத்துப் பார்ப்பதற்கு அங்கே தனிக் கலைச்சொல்லே உண்டு. எவாஞ்சலியனுக்கும் அசுகா அணி, ரெய் அணி, கவோரு அணி என அணிகள் அமைந்தன. அணிகள் சண்டையிட்டன. கதைமாந்தர் மீது இத்தனை உரிமை கொண்டாடுவதைக் கண்டு சினப்போருக்கு நம் இலக்கிய மரபிலிருந்தே ஒரு செய்தி. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை. இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, களவிலா, கற்பிலா என்று உரையாசிரியர்கள் முரண்பட்டு வழக்காடியதும் ஒருவகை அணிச்சண்டையே. அவர்கள் சண்டையிட்டிராவிட்டால் நாம் அப்பாடல்களை இத்துணை நெருங்கியிருக்க மாட்டோம்.

கவோருவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். தொலைக்காட்சித் தொடரில் அவன் நின்று பேசுவது 24ஆம் பகுதி ஒன்றில் மட்டுமே. அதற்குள் ஷின்ஜி எல்லாரையும் இழந்துவிட்டான். அவ்வேளையில் வரும் இச்சிறுவன் அவன் கையைத் தொடுகிறான், அவன் மனம் கண்ணாடியைப் போல் நொறுங்கக்கூடியது என்பதை உணர்கிறான், உன்னை எனக்கு ‘சுகி’ என்கிறான். பிறகு அவனே பகைவன் என்று தெரியவருகிறது. எவாவின் பெரிய கைக்குள் அவன் இருக்க, அசைவற்ற ஒரே சித்திரம் ஒரு நிமிடத்திற்கும் மேலாகத் திரையில் நிற்கிறது. ஷின்ஜி முடிவெடுக்கிறான். நீரில் ஏதோ விழும் ஓசை மட்டும் கேட்கிறது.

‘சுகி’ என்ற சொல் பிடித்திருக்கிறது என்பதிலிருந்து காதலிக்கிறேன் என்பது வரை நீளும். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அதை வலிய பொருளில் தந்தது. 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட புதிய மொழிபெயர்ப்போ மெலிந்த பொருளைத் தேர்ந்தது. உலகெங்கும் சுவைஞர் கொதித்தெழுந்தனர். ஒரு சொல்லுக்காகவா என்று கேட்கலாம். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசு பேதுருவிடம் மும்முறை கேட்கும் கேள்வியில் கிரேக்க மூலம் அன்புக்கு இரு வினைச்சொற்களை மாற்றி மாற்றி வழங்குகிறது. அவற்றுள் வேறுபாடு உண்டா இல்லையா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். அந்த வாதத்தை வீண் என்று நாம் எண்ணுவதில்லை. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்று தமிழில் சொல்லிவிட்டு, எவ்வளவு சொன்னோம் என்று தெரியாமல் நின்றவர் நம்முள் எத்தனை பேர்! ஷின்ஜியும் கவோருவும் எவ்வகை உறவினர் என்ற பெயர்ச்சண்டையில் இரு அணிகளும் ஒன்றைத் தவறவிடுகின்றன. அது அன்பு என்ற சொல்லையே கேட்டறியாத ஒரு பிள்ளையிடம் முதன்முதலாகச் சொல்லப்பட்டது. சொன்னவனைக் கொல்ல வேண்டிய கை அவனுடையதாகவே இருந்தது. மெலிந்த சொல்லை இட்டால் இந்தப் பாரம் குறைகிறது என்பதால், இவ்வழக்கில் நாம் கொதித்தவர்கள் பக்கமே.

யோஷியுகி சதமோட்டோ வரைந்து 2013இல் நிறைவடைந்த மங்காவில் இதே கவோரு பூனைக்குட்டி ஒன்றை நெரித்துக் கொல்கிறான். ஷின்ஜி அவனை வெறுக்கிறான். தொலைக்காட்சிக் கவோருவை நேசித்தவர்கள் இதனை ஏற்கவில்லை. எது உண்மையான கவோரு என்பது விடையில்லாக் கேள்வி.

இனி அந்தப் புகழ்பெற்ற முடிவு. கடைசி இரு பகுதிகளும் போரை அப்படியே விட்டுவிட்டு ஷின்ஜியின் மனத்துக்குள் இறங்கின. இறுதியில் எல்லாரும் அவனைச் சூழ்ந்து நின்று கைதட்டி வாழ்த்தினர். அவ்வளவே. ஏமாந்த சுவைஞரிடமிருந்து வசை மடல்கள் குவிந்தன. 1997 ஜூலையில் வந்த ‘எவாஞ்சலியனின் முடிவு’ திரைப்படத்தில் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ அம்மடல்களையே நொடிப்பொழுது திரையில் மின்னவிட்டார். திரையரங்கில் அமர்ந்திருக்கும் கூட்டத்தையும் படம்பிடித்துக் காட்டினார். பார்க்க வந்தவர்கள் தம்மையே பார்த்தார்கள்.

துணிவான செயல்தான். நேர்மையான செயலா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. தொடருக்கு முன் நான்கு ஆண்டுகள் எதுவும் செய்ய இயலாது முடங்கிக் கிடந்ததாக எழுதியவர் அன்னோ. தம் தனிமையை ஷின்ஜிக்குள் ஊற்றினார். அதே தனிமையுடையோர் அதைப் பருகினர். ஊற்றியவரே பின்பு, ஏன் பருகினீர்கள், வெளியே போய் வாழுங்கள் என்று கடிந்துகொள்வது எப்படி? வசை எழுதியவர்களின் நாகரிகக் குறைவை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்களது கேள்வி, முடிவைக் கேட்கும் கேள்வி, மிகப் பழையது. காணாமற்போன மகன் உவமையில் மூத்தவன் விருந்துக்குள் நுழைந்தானா? லூக்கா சொல்லவில்லை. தந்தை வெளியே வந்து அவனிடம் பேசிக்கொண்டிருப்பதோடு கதை நின்றுவிடுகிறது. எத்தனை மறையுரைகள் அவனை உள்ளே அனுப்பியிருக்கின்றன!

அன்போடு இட்டு நிரப்புவதும் சில வேளை தீங்காகும். 591ஆம் ஆண்டில் பெரிய கிரகோரியார் தம் மறையுரையில் மகதலா மரியாவையும், பெத்தானியா மரியாவையும், பெயரற்ற பாவியான பெண்ணையும் ஒருத்தியாகவே இணைத்தார். உருக்கமான கதை பிறந்தது. ஓவியங்களும் கண்ணீரும் பெருகின. ஆனால் உயிர்ப்பின் முதல் சாட்சியானவள், நற்செய்தி எங்கும் சொல்லாத ஒரு கடந்த காலத்தைப் பல நூற்றாண்டுகள் சுமந்தாள். 1969இன் வழிபாட்டு நாட்காட்டித் திருத்தத்திற்குப் பிறகே அப்பிணைப்பு நெகிழ்ந்தது. ஒரு கதைமாந்தரை விளக்குவதாக எண்ணி, நாம் விரும்பும் வேறொருவரை அவர் இடத்தில் வைத்துவிடுகிறோம்.

இதையே 2021இன் இறுதித் திரைப்படத்தைப் பற்றிய ஊகத்தில் காண்கிறோம். வளர்ந்துவிட்ட ஷின்ஜி, மாரி என்ற பெண்ணின் கைபற்றி ரயில் நிலையப் படிகளில் ஏறி ஓடுகிறான். அந்நிலையம் அன்னோவின் சொந்த ஊரான உபேயில் உள்ளது. உடனே, மாரி என்பவள் இயக்குநரின் மனைவியான ஓவியர் மொயோகோ அன்னோவே என்று தீர்ப்பெழுதிவிட்டனர் பலர். பொருந்துவது போலத் தோன்றும். பொருந்தினால் மட்டும் என்ன? மாரி யார் என்று பார்க்கும் கடமை அத்தோடு தீர்ந்துபோகிறது. அதே படத்தில் அசுகா, உன்னை எனக்குப் பிடித்திருந்தது என்று இறந்தகாலத்தில் சொன்னதற்கு, அப்படிச் சொன்னதற்கு நன்றி, எனக்கும் பிடித்திருந்தது என்று ஷின்ஜி விடைகொடுக்கிறான். அசுகா அணியினர் இதைத் தோல்வி என்று எழுதினர். நமக்கோ நான்கு படங்களிலும் மிக முதிர்ந்த உரையாடல் அதுவே எனப்படுகிறது. பற்றிக்கொள்ளாமல் நன்றி சொல்ல அச்சிறுவன் கற்றுக்கொள்ள இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

ஆயினும் எமது மனம் திரும்பத் திரும்பச் செல்வது 1997இன் கடற்கரைக்கே. மாந்தர் அனைவரும் ஒரே கடலாகக் கரைந்து வேறுபாடின்றிப் போன உலகை மறுத்து, வலித்தாலும் பிறர் இருக்கும் உலகமே வேண்டும் என்று ஷின்ஜி திரும்பி வருகிறான். வந்தவன் அருகில் கிடக்கும் அசுகாவின் கழுத்தை நெரிக்கிறான். அவள் எதிர்க்கவில்லை, கட்டுப்போட்ட கையை உயர்த்தி அவன் கன்னத்தை வருடுகிறாள். அவன் கை தளர, அழுகிறான். அவள் சொல்லும் கடைசிச் சொல் ‘கிமோச்சி வருய்’. குமட்டுகிறது என்று அதைத் தமிழில் சொல்லலாம். உடல் குமட்டுகிறதா, அவனைக் கண்டு குமட்டுகிறதா? அணிகள் தத்தம் விடையை வைத்திருக்கின்றன. ஏற்றுக்கொண்டாள் என்பார் சிலர், ஒதுக்கினாள் என்பார் சிலர். நாம் அக்காட்சியை நான்கு முறை பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அச்சொல்லுக்கு முன்பே நம் கண் அவள் கையில் நின்றுவிட்டது.