புள்ளலூரில் இடறும் ஒரு வாதம்

நாகரிகங்களின் ஏற்றத்தாழ்வை விளக்க முயன்ற நூல்களுள், ஜேரட் டயமண்ட் 1997இல் வெளியிட்ட 'துப்பாக்கிகள், கிருமிகள், எஃகு' பெரும் செல்வாக்குப் பெற்றது. பயிரும் கால்நடையும் நிலவமைப்பும் வாய்த்த மக்களே முந்தினர். இன மேன்மைக்கு அதில் பங்கில்லை என அது வாதிடுகிறது. இதன்பொருட்டு அந்நூலை நாம் வரவேற்கவே வேண்டும். எனினும், 1532இல் கஹமார்காவில் 168 ஸ்பானியர் இன்கா பேரரசரைச் சிறைபிடித்ததை அளக்கும் அக்கோல், நம் மண்ணை அளக்கப் போதுமா?

வாலாஜாபாத், ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பட்டப்பெயரைத் தாங்கிய பாலாற்றங்கரை ஊர். அதற்கு வடமேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தனர். அங்கே குதிரையும் துப்பாக்கியும் எஃகும் இரு தரப்பாரிடமும் இருந்தன. இரும்புக் குழாயில் மருந்தடைத்த ராக்கெட்டில் மைசூரே முந்தியிருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்து சென்றன. வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை உருவாக்க அவையே தூண்டுதலாயின.

கருவியில் முந்தியவர் வீழ்ந்தது ஏன்? விடை போர்க்களத்தைவிடக் கணக்கேடுகளிலேயே மிகுதியாகக் கிடைக்கிறது. வாலாஜா 1763இல் செங்கல்பட்டு ஜாகீரைக் கும்பினிக்கு அளித்தார். ஏரிப்பாசனத்தில் விளைந்த நெல்லின் வரி அவ்வாறு கைமாறியது. கும்பினி அலுவலரிடமே நவாப் பெருங்கடன் பட்டார். 1799இல் நிஜாமின் படை திப்புவுக்கு எதிரணியில் நின்றது. 1801இல் ஆற்காட்டின் ஆட்சியுரிமையும் பறிபோயிற்று.

பல அரசுகளாகப் பிரிந்து போட்டியிட்டதால் ஐரோப்பா முன்னேறியது, ஒன்றுபட்டிருந்த சீனா பின்தங்கியது என்பது டயமண்டின் முடிவுரை வாதம். ஆற்காடு, மைசூர், ஹைதராபாத், மராட்டியம் எனத் தென்னகமும் பிரிந்தே போட்டியிட்டது. அப்போட்டி ராக்கெட்டையும் தந்தது. அந்நியரின் கடனையும் துணைப்படையையும் வாசலுக்கே அழைத்தும் வந்தது. ஆகவே, பிரிவினை தானாக வலிமை ஆவதில்லை.

1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், தட்பவெப்பத்தின் தாக்கத்தை விரிவாகப் பேசியவர்தாம். ஆயினும், அரசுகளின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் 'அஸபிய்யா' எனும் கூட்டுணர்வையே அவர் அச்சாணியாக்கினார். அமெரிக்கக் கண்டத்தின் வீழ்ச்சிக்கு டயமண்ட் தரும் விளக்கம் வலுவானது. தென்னகத்தின் வீழ்ச்சிக்கு இப்னு கல்தூனே நெருங்கி வருகிறார்.

இது பழங்கதையன்று. வாலாஜாபாத்தை அடுத்த ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் இன்று தொழிற்கூடங்களின் நிலம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. நிலமும் உழைப்பும் இங்கிருந்தன. ஆலையின் விதியை எழுதிய முடிவுகளோ தொழிலாளர் கையில் இல்லை. வளம் எங்கே உள்ளது என்று கேட்கக் கற்பிப்பதில் டயமண்டின் நூல் சிறந்தது. அவ்வளம் யார் கணக்கில் சேர்கிறது என்ற கேள்வியை நாமே எழுப்பியாக வேண்டும்.