எட்டுக் கோட்டில் எண்ணெய்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போன வருஷம் சீனாவிலிருந்து ஒரு மோல்டிங் மிஷின் வந்து இறங்கியது. உடம்பெல்லாம் ஸ்டிக்கர், ஸ்டிக்கரெல்லாம் சீன எழுத்து. "அண்ணே, எதுல ஆயில் ஊத்தணும், எது தண்ணி லைன்?" என்று ஹெல்பர் பையன் கேட்டான். போன் கேமராவைக் காட்டினேன். 'எண்ணெய்' என்று வந்தது. வேலை முடிந்தது. ஆனால் அந்த எழுத்து என்னை விடவில்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அன்று ராத்திரியே மகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்துவிட்டேன். நாலு கட்டம் சேர்ந்தால் ஒரு எழுத்துக்கு இடம். சீனப் பிள்ளைகள் எழுதிப் பழகுவதும் இப்படி நடுவில் கூட்டல் குறி போட்ட சதுரத்தில்தான்.

மொத்தம் எட்டே கோடு. இடது பக்கம் மூன்று துளி: முதல் இரண்டும் கீழ்நோக்கி, மூன்றாவது கீழிருந்து வலப்பக்கம் மேலே சுண்டி ஏறும். அது தண்ணீர். வலது பக்கம் ஒரு பெட்டி. இடச்சுவர் முதலில், பிறகு மேற்கோடும் வலச்சுவரும் கையை எடுக்காமல் ஒரே இழுப்பு, உள்ளே ஒரு குறுக்குக் கோடு, அப்புறம் பெட்டியின் தலையைத் தாண்டி எட்டிப் பார்க்கும் நெடுங்கோடு. அடிக்கோடு கடைசியில்தான். ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்களாம். எவ்வளவு அழகான விதி! முதல் பக்கம் முழுக்க என் பெட்டி கோணிக்கொண்டது. மூன்றாம் பக்கத்தில் அந்த நெடுங்கோடு நேராக நின்றபோது, ஆனா போடக் கற்ற பிள்ளைபோல மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சீன எழுத்தெல்லாம் படம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பாதி பொருளைச் சொல்லும், மறு பாதி ஒலியைச் சொல்லும். மூன்று துளி 'நீர்மம்' என்கிறது. பெட்டி தனியாக நின்றாலும் 'யோவ்' என்றே ஒலிக்கும். 'ஆங்?' என்று கேட்கும்போது நம் குரல் மேலே ஏறுமே, அந்த ஏற்றத்தில் சொன்னால் எண்ணெய். தாழ்த்திச் சொன்னால் 'இருக்கிறது'. படாரென இறக்கினால் 'வலது'. வீட்டில் மூவரும் ஒரு வாரம் இதையே சொல்லித் திரிந்தோம்.

பிறகு இந்த எழுத்து கதவு கதவாகத் திறந்தது. கல் என்ற எழுத்தை முன்னால் வைத்தால் பெட்ரோலியம். நம் மண்ணெண்ணெய் நினைவுக்கு வருகிறதா? விறகு எண்ணெய் என்றால் டீசல். கடலை எண்ணெய்க்கு 'பூவில் பிறந்த எண்ணெய்'. வேர்க்கடலையின் பூ உதிர்ந்தபின் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்ப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. நல்லெண்ணெய் அவர்களுக்கு 'வாசனை எண்ணெய்'. எள்ளின் நெய்தானே நமக்கு எண்ணெய் ஆனது! திருமுல்லைவாயல் செக்குக் கடையில் வாங்கி வந்த நல்லெண்ணெய்க் கேனில் அந்த இரண்டு எழுத்தையும் மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துத்தான் இப்போது கேனை எடுக்கிறாள்.

மிஷினில் எண்ணெய் ஊற்றும் வாய்க்கு மேலே மூன்று எழுத்து இருந்தது: சேர், எண்ணெய், வாய். முதல் இரண்டையும் சேர்த்து 'ஜியா யோவ்' என்றால் எண்ணெய் ஊற்று, வண்டிக்கு பெட்ரோல் போடு. மைதானத்தில் ஓடுகிறவனைப் பார்த்துக் கத்தினால் 'விடாதே, அடிச்சு ஆடு!' ஹாங்காங்காரர்கள் இதை ஆங்கிலத்திலும் அப்படியே சொல்லிச் சொல்லி, 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள். போன மாதம் மிஷின் மக்கர் பண்ணியபோது சீன எஞ்சினியர் வீடியோ காலில் இரண்டு மணி நேரம் வழி சொன்னார். நடுவில் அவர் முகம் வாடியது. நான் ஒரு அட்டையில் அந்த இரண்டு எழுத்தையும் எழுதி கேமராவுக்குக் காட்டினேன். மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்! எங்கே கற்றாய், இன்னொரு தடவை எழுது என்றார். எழுதினேன், கோடு வரிசை பிசகாமல்.

இதையெல்லாம் மிஞ்சிய ஆச்சரியம் இலங்கையில் இருந்தது. காலி நகரில் 1911-ல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு, சீனக் கடலோடி செங் ஹ 1409-ஆம் வருஷத் தேதியிட்டுக் கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. சீனப் பகுதியில் காணிக்கைப் பட்டியல் வருகிறது: பொன், வெள்ளி, பட்டு. கூடவே 2,500 கட்டி (அது சீன எடை அளவு) வாசனை எண்ணெய். என் நல்லெண்ணெய்க் கேனில் இருக்கும் அதே இரண்டு எழுத்து!

கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அந்தக் கல் முன்னால் நின்று, மூன்று துளியை முதலில் கண்டுபிடித்து, விரலால் காற்றில் எட்டுக் கோட்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். மகளும் வருகிறாள், கணக்கு நோட்டோடு.