புத்தாண்டை வரவேற்கும் தூய்மை

பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே அளவாக அமையும் வசந்தகாலச் சம இரவு நாளில், அதாவது மார்ச் 20 அல்லது 21ஆம் நாளையொட்டி, பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் பிறப்பதற்கு முந்தைய வாரங்களில், ஈரானிய இல்லங்களில் ‘கானே தெக்கானி’ எனப்படும் முழுவீட்டுத் தூய்மைப் பணி நடைபெறுகிறது. கம்பளங்களைத் தட்டி அலசி வெயிலில் உலர்த்துவதும், திரைச்சீலைகளைக் கழற்றித் துவைப்பதும், அலமாரிகளைக் காலிசெய்து, உடைந்தவற்றை விலக்கி, பயன்படுபவற்றை மட்டும் மீண்டும் அடுக்குவதும் இதில் அடங்கும். குளிர்காலத்தில் அடைபட்டிருந்த அறைகளின் தூசி நீங்குவதோடு, மறந்துபோன பொருள்களும் ஆண்டுக்கொருமுறை கையிலெடுத்து மதிப்பிடப்படுவது இம்மரபின் பெருஞ்சிறப்பு. இவ்வாறு தூய்மையாக்கப்பட்ட வீட்டில்தான், பாரசீக ‘சீன்’ எழுத்தில் பெயர் தொடங்கும் ஏழு பொருள்களைக் கொண்ட ‘ஹஃப்த் சீன்’ விரிப்பு அமைக்கப்படுகிறது. ஆகவே, வேண்டாதவற்றைக் களையும் உழைப்பையும் விழாவின் முதல் அங்கமாகக் கொண்ட இப்பண்பாடு மிகவும் போற்றத்தக்கது.