உயர்படிநிலை வீரனுக்குக் கவசம் எதற்கு? – ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிநூல்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையின் முதல் நூலாகக் கருதப்படுகிறது. இதன் விதிநூல்கள் வெறும் ஆட்டக் குறிப்புகள் அல்ல. வீரன் எத்தகையவன், அனுபவம் அவனை எவ்வாறு மாற்றுகிறது என்பனபற்றி அவை எண்களின் வழியே ஒரு கருத்தை முன்வைக்கின்றன. அவ்வகையில் அவற்றையும் பனுவல்களாகக் கொண்டு திறனாய்வு செய்ய இயலும்.

இவ்விளையாட்டினரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று ஒன்று உண்டு. வீரன் உயர்படிநிலையை எட்டியபின் கவசத்தால் பயனில்லை என்பதே அது. முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு வெளிநாட்டில் தங்கியிருந்த காலத்தில் இக்கட்டுரையாளரும் உடன் ஆடியோர் இவ்வாறு கூறக் கேட்டதுண்டு. அக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூற்றின் தோற்றம்

இவ்விளையாட்டில் கவசம் அடியின் வலிமையைக் குறைப்பதில்லை. அடி படுமா படாதா என்பதையே தீர்மானிக்கிறது. தாக்குபவர் இருபது முகப் பகடையை உருட்டித் தம் தாக்குதல் திறனைச் சேர்த்துக்கொள்வார். கூட்டுத்தொகை எதிரியின் ‘கவசத் தர’த்தை எட்டினால் அடி படும். 2000ஆம் ஆண்டுக்கு முன் வந்த நூல்களில் கணக்கு தலைகீழாக இருந்தது. அங்கே எண் குறையக் குறையக் காப்பு மிகும்.

1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், தகட்டுக் கவசமும் கேடயமும் பூண்டவரின் தரம் 2 ஆகும். அவரைத் தாக்க முதற்படிநிலை வீரனுக்குப் பகடையில் 18 வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்பே அவனுக்கு உண்டு. பத்தாம் படிநிலையினனுக்கு 9 போதும். வாய்ப்பு அறுபதாக உயர்கிறது. இருபதாம் படிநிலையினன் 1 தவிர எது விழுந்தாலும் அடித்துவிடுகிறான். படைக்கலம் ஏந்திய கையின் திறன் ஆண்டுதோறும் வளர, கொல்லன் அடித்த இரும்பு மட்டும் அன்று போலவே இன்றும் நிற்கிறது. மேற்கூறிய கூற்று இவ்விடைவெளியிலிருந்தே பிறந்தது எனலாம்.

மூன்றாம் பதிப்பின் கணக்கு

2000ஆம் ஆண்டு வெளிவந்து 2003இல் திருத்தப்பட்ட மூன்றாம் பதிப்பில் இவ்விடைவெளி மேலும் விரிந்தது. இருபதாம் படிநிலை வீரன் ஒரே முறையில் நான்கு அடிகள் அடிக்கலாம். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் திறன் ஐந்தைந்தாகக் குறையும். உடல் வலிமை, மந்திர வாள் ஆகியவற்றையும் சேர்த்து அவன் திறன் முறையே 30, 25, 20, 15 எனக் கொள்வோம். திருத்தப்பட்ட விதியின்படி பகடையில் 1 விழுந்தால் எவ்வடியும் தவறும், 20 விழுந்தால் எவ்வடியும் படும்.

கவசமின்றித் தரம் 11 உடையவர்மீது அந்நான்கில் சராசரியாக 3.8 அடிகள் படும். முழுத் தகட்டுக் கவசமும் பெருங்கேடயமும் தாங்கித் தரம் 21 ஆனவர்மீது 3.6 அடிகள் படும். பத்துப் புள்ளி இரும்பைச் சுமந்ததன் பயன் ஐந்தில் ஓர் அடியைத் தவிர்த்தது மட்டுமே. இதுவரை நோக்கினால் கூற்று மெய்யே.

ஆயின் கணக்கு இங்கு முடிவதில்லை. தரம் 31 ஆயின் படும் அடிகள் 2.45 ஆகக் குறைகின்றன. 41 ஆயின் 0.85 மட்டுமே. முதல் பத்துப் புள்ளிகள் 0.2 அடியையும், அடுத்த பத்து 1.15 அடியையும், இறுதிப் பத்து 1.6 அடியையும் தடுக்கின்றன. எனவே உயர்படிநிலையில் கவசம் பயனற்றது என்பதைக் காட்டிலும், அரைகுறைக் கவசம் பயனற்றது என்பதே பொருத்தமாகும். ஒரு வரம்பைத் தாண்டும்வரை அது வீண்சுமை. தாண்டியபின் அதன் ஒவ்வொரு புள்ளியும் முன்னதைவிட விலைமதிப்புடையது.

அந்த 41 எவ்வாறு அமைகிறது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. அடிப்படை எண் 10. உடல் விரைவு 1. கவசமும் கேடயமும் தம்மளவில் 10. எஞ்சிய 20 மந்திரத்தால் வருவன. கவசத்தின்மேலும் கேடயத்தின்மேலும் ஏற்றிய மந்திரம் 10, மோதிரமும் தாயத்தும் தருவன 10. இம்மந்திரங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 1,50,000 பொற்காசு செலவாகும். இருபதாம் படிநிலையினரின் உடைமை மதிப்பு 7,60,000 பொற்காசு என அப்பதிப்பே வகுத்திருப்பதால், இது ஐந்தில் ஒரு பங்காகும். இரும்பின் பங்கு சிறிதெனினும், ஏற்றிய மந்திரத்தின் பாதிக்கு அதுவே தாங்குதளம் என்பதை மறுக்கவியலாது.

கவசத்தை நோக்காத தாக்குதல்கள்

கூற்றை ஆதரிப்போர் வேறொரு வாதத்தையும் முன்வைப்பர். உயர்படிநிலைப் பகைவரின் கொடிய தாக்குதல்கள் கவசத்தைப் பொருட்படுத்துவதே இல்லை என்பர். இவ்வாதம் வலிமையானது. மூன்றாம் பதிப்பில் மந்திரக் கதிர்கள் பலவும் ‘தொடு தாக்குதல்’ என்னும் வகையின. மேற்கண்ட 41 தரத்தாருக்கு அவற்றின்முன் எஞ்சுவது 16 மட்டுமே. மனத்தை மயக்கும் மந்திரத்திற்கும் பறவைநாகத்தின் தீமூச்சிற்கும் கவசத் தரமே கேட்கப்படுவதில்லை.

இங்கே பிணக்கு கவசத்தைப் பற்றியதன்று. கதையில் யாருக்கு இடமுண்டு என்பதைப் பற்றியது. கவசம் செயலிழக்கும் இடத்தில் அதையே தன் அடையாளமாகக் கொண்ட வீரனும் செயலிழக்கிறான். தொடக்கப் படிநிலைகளில் மந்திரவாதியைத் தன் பின்னே நிறுத்திக் காத்தவன், இறுதிப் படிநிலைகளில் அம்மந்திரவாதியின் வெற்றியை வேடிக்கை பார்ப்பவனாகிறான். மூன்றாம் பதிப்பின் பெருங்குறை இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பிற்காலப் பதிப்புகளின் விடை

2008இல் வந்த நான்காம் பதிப்பு இக்குறையை நேரடியாக எதிர்கொண்டது. படிநிலையின் பாதியைத் தாக்குதலுக்கும் தற்காப்பிற்கும் ஒருசேரக் கூட்டியதால், வாள் வளரும்போது காப்பும் வளர்ந்தது. மேலும், வீரன் ஒரு பகைவனைக் ‘குறி’யிட்டால், அப்பகைவன் வீரனை விடுத்துப் பிறரைத் தாக்கும்போது 2 புள்ளி இழப்பான். பழந்தமிழில் கவசத்திற்கு ‘மெய்ம்மறை’ என்றொரு பெயருண்டு. பதிற்றுப்பத்துச் சேரமன்னனைத் தன் வீரர்களின் மெய்ம்மறையாகவே புகழ்கிறது. அமெரிக்க நூலாசிரியர்கள் அதனை அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. ஆயினும் கவசம் அணிந்தவனே பிறர்க்குக் கவசமாதல் என்னும் கருத்தை நமக்கு விளக்க அச்சொல் பெரிதும் துணைசெய்கிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு வேறொரு வழியை நாடியது. முதற்படிநிலையில் 2 ஆக உள்ள தேர்ச்சி எண் இருபதாம் படிநிலையிலும் 6ஐத் தாண்டுவதில்லை. தாக்குதல் எண்கள் கட்டுக்குள் நிற்பதால் இரும்பு தன் மதிப்பை இழப்பதில்லை. தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்ந்து தரம் 20 தருகின்றன. அப்பதிப்பின் எளிய பூதமாகிய கோப்ளின், கவசமற்ற தரம் 10 உடையவரை நூற்றுக்கு 75 முறை அடிக்கும். தரம் 20 உடையவரை 25 முறையே அடிக்கும். இருபதாம் படிநிலையிலும் இக்கணக்கு மாறுவதில்லை. பெருங்கூட்டத்தின் நடுவே நிற்கும் முதிர்ந்த வீரனுக்கு அவன் கவசம் இன்றும் உயிர்காப்பு.

முதுபெரும் செந்நாகத்தின் முன் நிலைமை வேறு. அதன் தாக்குதல் திறன் 17. தரம் 10 உடையவரை 95 முறை கடிக்கும் அது, தரம் 20 உடையவரையும் 90 முறை கடித்துவிடும். கவசத்திலும் கேடயத்திலும் மூன்று மூன்று மந்திரப் புள்ளிகள் ஏறித் தரம் 26 ஆனால்தான் கடி 60ஆகக் குறையும். மூன்றாம் பதிப்பில் கண்ட வரம்பு இங்கும் உண்டு. தீமூச்சைத் தடுக்க இங்கும் கவசம் உதவுவதில்லை. அன்றியும் விரைவும் மெய்யறிவும் முழுமைபெற்ற துறவி கவசமின்றியே தரம் 20ஐ எட்டுகிறார். பயிற்சியே கவசமாகும் மாந்தருக்கும் இப்பதிப்பு இடமளிக்கிறது. 2024இல் திருத்தி வெளியிட்ட ஆட்டக்காரர் நூலிலும் தகட்டுக் கவசத்தின் தரம் 18 ஆகவே நீடிக்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, உயர்படிநிலையில் கவசம் வீண் என்னும் கூற்று மந்திரம் ஏறாத வெறும் இரும்புக்கு மட்டுமே, அதுவும் முந்தைய பதிப்புகளில் மட்டுமே பெரிதும் பொருந்தும். இரண்டாவதாக, கவசத்தின் பயன் சீராக வளர்வதன்று. ஆகவே உயர்படிநிலை வீரன் ஒன்று முழுமையாகக் காத்துக்கொள்ள வேண்டும், அன்றேல் அச்செல்வத்தை வேறு வழியில் செலவிட வேண்டும். இடைப்பட்ட நிலையே இழப்பிற்குரியது. மூன்றாவதாக, கவசம் எவ்வளவு தடுக்கிறது என்பது, பகைவன் யார், எதைக் குறிவைக்கிறான் என்பவற்றையும் பொறுத்தது.

ஐந்தாம் பதிப்பின் விடை குறையற்றதன்று. எனினும், அனுபவம் மிக்க வீரனும் உடலுடையவனே, எளிய பகைவரின் அம்பும் அவனைத் துளைக்கக்கூடும் என்னும் உண்மையை அது கதைக்கு மீட்டுத் தந்துள்ளது. வீரன் தன் கவசத்தைக் களைந்துவிட்டு மந்திரவாதியின் நிழலில் ஒதுங்க வேண்டிய கட்டாயம் அங்கில்லை. அவ்வகையில் மூன்றாம் பதிப்பினும் அதுவே சிறந்த பனுவல் எனத் துணியலாம்.