தர்மம்: மைனஸ் 15

கர்ணனின் கொடை குணம் பலமா, பலவீனமா? பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறதா? அமெரிக்காவில் ஒரு விளையாட்டுப் புத்தகம் இதற்கு நம்பர் போட்டே பதில் வைத்திருக்கிறது. மைனஸ் 15.

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம் இது. 1974ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆரம்பித்து வைத்தது. பின்னால் வந்த 'கர்ப்ஸ்' என்கிற ஆட்டத்தில் பாத்திரம் உருவாக்குவது ஏறக்குறைய ஐந்தொகை போடுகிற வேலை. பி.காம். படித்தவனுக்குப் பிடிக்காமல் போகுமா? வில்வித்தை வேண்டுமென்றால் புள்ளி கொடுத்து வாங்கணும். புள்ளி போதவில்லையா? ஏதாவது ஒரு குறையை ஏற்றுக்கொண்டால் புள்ளி வரவு. நேர்மைக்கு 10. அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு உதவாமல் இருக்க முடியாத மனசுக்கு 15. ஆமாம் சார், இரண்டுமே அங்கே கடன் பக்கம்தான்!

ஒரு புத்தகத்துக் குணத்தை இன்னொரு புத்தகத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் வம்பு. 'வேம்பயர்' 1991ல் வந்தது. அதன் பங்காளி 'வேர்வுல்ஃப்' 1992ல். விதிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். காட்டேரிப் புத்தகத்தில் 'சாப்பாடு சாப்பிட முடியும்' என்பது ஒரு புள்ளி விலையுள்ள விசேஷத் திறமை. ஏனென்றால் காட்டேரிக்கு ரத்தம் தவிர எதுவும் இறங்காது. ஓநாய் மனிதனோ இட்லி வடையெல்லாம் சாதாரணமாகவே சாப்பிடுகிறவன். அவனுக்கு இதை வாங்கிக் கொடுத்தால் ஒரு புள்ளி தண்டம். குணத்தை இரவல் வாங்கலாம், விலையை வாங்க முடியாது. போன இடத்தில் புதுசாகக் கணக்குப் போடணும்.

இந்தக் கணக்கை நம்மூர் ஆள் ஒருவர் பல நூறு வருஷம் முன்பே போட்டுவிட்டார். மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி என்று இன்று நாம் ரயிலில் தாண்டிப்போகிற வட்டாரம் பழைய திருமுனைப்பாடி நாடு. அந்த நாட்டுக்காரர்தான் வில்லிபுத்தூரார்.

வியாசரின் கர்ணன் நாக அம்பை இரண்டாம் தடவை விட மறுக்கிறான். காரணம் கர்வம். அடுத்தவன் பலத்தில் ஜெயிக்க மாட்டேன் என்கிறான். வில்லியிலும் அவன் இரண்டாம் தடவை விடுவதில்லை. ஆனால் காரணம் வேறு. ஒரு தடவைக்கு மேல் விடாதே என்று குந்தி வரம் கேட்டு வாங்கிவிடுகிறாள். செயல் அதேதான். கர்வக் கணக்கிலிருந்து கொடைக் கணக்குக்கு மாற்றி எழுதிவிட்டார். அதோடு விடவில்லை. சாகக் கிடக்கிறவனிடம் கண்ணன் கிழப் பிராமணனாக வந்து புண்ணியத்தையும் கேட்டு வாங்குவது வியாசரில் கிடையாது. கொடை என்று ஒரு குணத்தைத் தூக்கலாக வைத்தவர், அதற்கான பில்லையும் கடைசிப் பைசா வரை கட்ட வைக்கிறார். கூத்தில் 'கர்ண மோட்சம்' பார்க்கிறவர்கள் விடிய விடிய அழுவது அந்தப் பில்லைப் பார்த்துத்தான்.

மணிரத்னத்தின் 'தளபதி' (1991) நேர் எதிர்க் கணக்கு. தாய் கைவிட்ட குழந்தை, நண்பனிடம் விசுவாசம், இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். கவசம், கொடை எதுவும் கிடையாது. வாங்காத சரக்குக்குப் பில் ஏது? அதனால் சூர்யா பிழைக்கிறான், தேவா சாகிறான். மூலத்தை மீறிய முடிவுதான். ஆனாலும் கணக்கு டேலி ஆகிறது.

ஆகாதவை எவை? நல்ல குணத்தையெல்லாம் மூலத்திலிருந்து அள்ளி வந்து, எல்லாவற்றையும் சொத்துப் பக்கமே எழுதுகிற கதைகள். நாயகன் வள்ளல், நேர்மையானவன், வாக்குத் தவறாதவன். ஆனால் எதையும் இழக்க மாட்டான். கொடுக்கக் கொடுக்கப் பணம் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் அது என்ன கொடை, பாக்கெட் மணி!

இதில் கெடுவது கதை மட்டும் என்றால் பரவாயில்லை. நஷ்டமில்லாத நல்லவர்களையே பார்த்துப் பழகிவிட்டு, ஆபீஸில் ஒருத்தர் நேர்மையாக இருந்து பிரமோஷனைக் கோட்டைவிட்டால் 'பிழைக்கத் தெரியாதவர்' என்கிறோம். அவர் கட்டுகிறது கர்ணன் கட்டிய அதே பில்தான் ஸ்வாமி.

அடுத்த தடவை திரையில் ஒரு தர்மவான் வந்தால், என்ன கொடுத்தான் என்று பார்க்காதீர்கள். கொடுத்ததில் அவனுக்கு என்ன குறைந்தது என்று பாருங்கள்.